ஸ்டென்ட், சர்க்கரை, கபாபென்டின்: 72 வயது அப்பாவுக்கு மெடிகேப் பிளான் ஜி கிடைக்குமா?

பிளேனோ_பொண்ணு | ஜனவரி 5

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. டெக்சஸ் பிளேனோவில் எங்களோடு இருக்கிறார். இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியுரிமையும் உண்டு. 65 வயதில், மெடிகேரை (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தனியார் கம்பெனி வழியாகக் கொடுக்கும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் ஒன்றில், மாதப் பிரீமியம் இல்லாததாகப் பார்த்துச் சேர்ந்தார். இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இந்த ஜனவரி 1-லிருந்து அவருடைய இதய டாக்டர் இருக்கும் மருத்துவமனை அந்தப் பிளானின் நெட்வொர்க்கில் (பிளான் ஏற்கும் மருத்துவமனைகளின் பட்டியலில்) இல்லை. ஸ்டென்ட் வைத்த டாக்டரை விட்டுப் புது ஆளிடம் போக அப்பா ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பி, கூடவே அது கொடுக்காத மிச்சச் செலவைக் கட்டும் தனியார் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி எடுக்கலாம் என்று பார்த்தால், விண்ணப்பத்தில் இரண்டு பக்கத்துக்கு உடல்நிலைக் கேள்விகள். அவர் நிலவரம் இது: டைப் 2 சர்க்கரை, இன்சுலின் கிடையாது, ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் டெஸ்ட்) 6.9. 2021 செப்டம்பரில் ஒரு ஸ்டென்ட். ஹார்ட் அட்டாக் வந்ததில்லை. மருந்துகள்: மெட்ஃபார்மின், அம்லோடிபின், லோசார்டன், அடோர்வாஸ்டாடின், பேபி ஆஸ்பிரின், இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலிக்குக் கபாபென்டின். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைட் கொடுத்திருந்தார்கள்.

யாருக்காவது இப்படி இருந்தும் கிடைத்திருக்கிறதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

வேப்பமரம் | ஜனவரி 5

டாலஸ் பக்கம் உரிமம் பெற்ற ஏஜென்ட் நான். இங்கே யாருக்கும் எதையும் விற்பதில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

மருந்துப் பட்டியலைத் தொடுவதற்கு முன்னால், அப்பா அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்று பாருங்கள். 65 வயது ஆகி, பார்ட் பி (மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளிச் செலவுக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் எந்தக் கம்பெனியும் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது, பிரீமியத்தைக் கூட்டவும் முடியாது. அந்தக் காலம் அவருக்கு எப்போதோ போய்விட்டது. 65-ல் முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் 12 மாதத்துக்குள் வெளியே வந்தாலும் கேள்வியில்லாமல் மெடிகேப் உண்டு. அதுவும் போய்விட்டது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். இந்த மாற்றத்தைப் பற்றிப் பிளானிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துப் படியுங்கள். மருத்துவமனை பிளானை விட்டுப் போகிறது என்று இருக்கிறதா, பிளானே உங்கள் கவுன்டியை விட்டுப் போகிறது என்று இருக்கிறதா? பிளான் நின்றுபோனால் கேள்வியில்லாமல் மெடிகேப் வாங்கும் உத்தரவாத உரிமை அப்பாவுக்கு உண்டு. கவரேஜ் முடிந்த பிறகும் 63 நாள் வரை விண்ணப்பிக்கலாம், ஸ்டென்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. மருத்துவமனை மட்டும் விலகியிருந்தால் அந்த உரிமை வராது.

பிளேனோ_பொண்ணு | ஜனவரி 5

படித்துவிட்டேன் அண்ணா. மருத்துவமனை மட்டும்தான். பிளான் தொடர்கிறது.

நவம்பரிலேயே மாற்றியிருந்தால் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்று கோவிலில் ஒருவர் சொன்னார். உண்மையா?

வேப்பமரம் | ஜனவரி 5

இல்லைம்மா. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை டிவியில் விளம்பரமாகக் கொட்டுகிறதே, அது அட்வான்டேஜுக்கும் பார்ட் டி மருந்து பிளானுக்கும் உரிய காலம். மெடிகேப்புக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை. நவம்பரில் போயிருந்தாலும் இதே இரண்டு பக்கம்தான். இந்த விஷயம் தெரியாமல் அட்வான்டேஜை விட்டுவிட்டு, மெடிகேப்பும் கிடைக்காமல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இப்போது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அட்வான்டேஜில் இருப்பவர் ஒரே ஒருமுறை மாறலாம்: வேறு அட்வான்டேஜுக்குப் போகலாம், அல்லது ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். ஒரே தடவைதான். அதனால் மெடிகேப் அப்ரூவல் கடிதம் கையில் வரும்வரை பழைய பிளானில் கை வைக்காதீர்கள். ஒரிஜினல் மெடிகேர் மட்டும் இருந்தால் பார்ட் பி-யில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. இந்த வருஷம் (2026) மருத்துவமனையில் படுத்தால் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கான பகுதி) டிடக்டிபிள், அதாவது மெடிகேர் கொடுக்கும் முன் நாம் கட்டுவது, 1,736 டாலர், அது தனி.

ஹார்ட்ஃபோர்டு_மணி | ஜனவரி 6

கனெக்டிகட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. இங்கேயும் நியூயார்க்கிலும் வருஷம் முழுக்க எப்போது கேட்டாலும் மெடிகேப் கொடுத்தாக வேண்டும். புற்றுநோய் சிகிச்சை நடக்கும்போதே என் மச்சானுக்குக் கிடைத்தது. வயதைப் பார்த்தும் விலை வைக்க முடியாது. அதனால் 65 வயதுக்காரருக்கு மற்ற மாநிலங்களை விடப் பிரீமியம் அதிகம். ஆனால் 80 வயதில் அருமை தெரியும்.

சான்ஹோசே_சிவா | ஜனவரி 6

கலிஃபோர்னியாவில் பிறந்தநாள் விதி இருக்கிறதே, டெக்சஸில் கிடையாதா? பிறந்தநாளிலிருந்து 60 நாள் கேள்வியில்லாமல் மாறலாம். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்படித்தான் விலை குறைந்த கம்பெனிக்கு மாறுகிறேன்.

வேப்பமரம் | ஜனவரி 6

டெக்சஸில் இல்லை சிவா. உங்கள் மாநில விதியும் ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவருக்குத்தான், அதுவும் சமமான அல்லது குறைந்த பலன் உள்ள பிளானுக்கு மட்டும். அட்வான்டேஜிலிருந்து வருபவருக்கு அது உதவாது.

ஆக, பிளேனோ அப்பா கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது தனியாக ஸ்டென்ட்டையோ தனியாகச் சர்க்கரையையோ இல்லை. இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான். சில கம்பெனி விண்ணப்பத்தில், சர்க்கரை நோயோடு இதயக் குழாய் அடைப்பு எப்போதாவது இருந்ததுண்டா என்று கேட்பார்கள். அந்த 'எப்போதாவது' இருக்கும் இடத்தில் விண்ணப்பிக்கவே வேண்டாம். வேறு சில கம்பெனிகள் கடந்த 2 வருஷத்தில் ஸ்டென்ட், பைபாஸ், ஹார்ட் அட்டாக் உண்டா என்று மட்டும் கேட்கும். 2021 ஸ்டென்ட்டுக்கு அங்கே உண்மையான பதில் 'இல்லை'. ஒரே மனுஷர், ஒரே உடம்பு, ஒரு கம்பெனியில் கதவு சாத்தியிருக்கும், அடுத்த கம்பெனியில் திறந்திருக்கும். பிளான் ஜி என்றால் எந்தக் கம்பெனி கொடுத்தாலும் பலன் ஒன்றேதான், சட்டப்படி. மாறுவது பிரீமியமும் இந்தக் கேள்விகளும்தான்.

ஃபிரிஸ்கோ_கார்த்தி | ஜனவரி 7

ஒரு யோசனை. வலி மாத்திரையை எழுதாமல் விட்டால் என்ன? முதுகு வலி யாருக்குத்தான் இல்லை. பேசாமல் இரண்டு மாதம் மருந்தை நிறுத்திவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி | ஜனவரி 7

தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். இல்லினாயில் பல வருஷம் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கபாபென்டினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் எந்த பாலிசி வந்து என்ன?

இரண்டாவது, மறைக்கவும் முடியாது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதே மருந்து வரலாற்றைப் பார்க்க அனுமதி கொடுத்துவிடுகிறோம். மில்லிமன் இன்டெலிஸ்கிரிப்ட் மாதிரி நிறுவனங்கள் பல வருஷத்து மருந்து வாங்கிய விவரத்தை நொடியில் கொடுத்துவிடும். மருந்தின் பெயர், அளவு, வாங்கிய தேதி, எழுதிய டாக்டர் எந்தத் துறை என்பது வரை வரும். பொய் சொல்லி பாலிசி வாங்கினாலும், பெரிய பில் வரும் அன்று தோண்டி எடுத்து பாலிசியையே ரத்து செய்ய வழியிருக்கிறது.

பிளேனோ தங்கச்சி, அந்த ரிப்போர்ட்டை நீங்களே முதலில் வாங்கிப் பாருங்கள். கிரெடிட் ரிப்போர்ட் போலவே இதற்கும் சட்டப்படி உரிமை உண்டு, அப்பா பெயரில் கேட்டால் இலவசமாக அனுப்புவார்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லியும் கேட்கலாம்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் மருந்து தெரியும், எதற்கு என்பது தெரியாது. அதை அவர்களே ஊகிப்பார்கள். சர்க்கரை மருந்தோடு கபாபென்டின் இருந்தால், சர்க்கரையால் நரம்பு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அது பல கம்பெனிகளில் நேரடி மறுப்பு. அப்பாவுக்கு அது முதுகுத்தண்டுப் பிரச்சினை என்றால் அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஃபுரோசமைட். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஃபுரோசமைட் என்றால் இதயச் செயலிழப்பு என்றுதான் படிப்பார்கள். ஆனால் அவர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். அம்லோடிபினே கணுக்கால் வீக்கம் கொடுக்கும், அடிக்கடி பார்ப்பது. அந்த வீக்கத்துக்கு ஃபுரோசமைட் பெரிதாகக் கேட்காது. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து என்று இப்படித்தான் பட்டியல் நீள்கிறது. அவருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா? ஃபுரோசமைட் யார், எப்போது, எதற்கு எழுதினார்கள்? இன்னமும் சாப்பிடுகிறாரா? மருந்தை மாற்றுவதென்றால் டாக்டர் உடம்பைப் பார்த்து மாற்றட்டும், இன்சூரன்ஸுக்காக வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியை டாக்டரிடம் எப்படியும் கேட்டிருக்க வேண்டும்.

ஃபிரிஸ்கோ_கார்த்தி | ஜனவரி 7

புரிந்தது அக்கா. நான் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஷுகர்லேண்ட்_தாத்தா | ஜனவரி 8

எனக்கு 78. பத்து வருஷமாக அட்வான்டேஜில்தான் இருக்கிறேன், பைபாஸ் உட்பட எல்லாம் அதில்தான் நடந்தது. அதில் வருஷச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, இந்த வருஷம் நெட்வொர்க்குக்குள் 9,250 டாலருக்கு மேல் எந்தப் பிளானும் வைக்க முடியாது, பல பிளான்களில் அதை விடக் குறைவு. பிளான் ஜி பிரீமியமோ வயது ஏற ஏற ஏறிக்கொண்டே போகும். பென்ஷனில் வாழ்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அந்த மருத்துவமனை இருக்கும் வேறு அட்வான்டேஜ் பிளானைத் தேடுங்கள் மகளே.

வேப்பமரம் | ஜனவரி 8

தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுப்பு வந்தால் அதுதான் அடுத்த வழி, அதனால்தான் அந்த ஒரு மாற்றத்தைக் கடைசி வரை கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். ஆனால் 72-ல், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது, ஸ்டென்ட் வைத்து 4 வருஷம் ஆன நிலையில் முயற்சி செய்யாமல் விட எனக்கு மனசு வராது. 76-ல் கேட்டால் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பிளான் ஜி கிடைத்துவிட்டால் பார்ட் பி டிடக்டிபிள், இந்த வருஷம் 283 டாலர், அதைக் கட்டியபின் மெடிகேர் ஒப்புக்கொண்ட சிகிச்சைக்கு அநேகமாக வேறு செலவே இல்லை. மெடிகேர் ஏற்கும் டாக்டர் நாடு முழுக்க யாராக இருந்தாலும் போகலாம்.

இன்னொன்று கேட்க மறந்தேன். ஏதாவது டெஸ்ட், ஆபரேஷன் செய்யச் சொல்லி இன்னும் செய்யாமல் இருக்கிறதா? கண் புரை, முழங்கால் எதுவானாலும் சரி. 'டாக்டர் சொல்லியும் இன்னும் செய்யாதது' என்று அநேகமாக எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி உண்டு. இருந்தால் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சமாமிஷ்_அருணா | ஜனவரி 10

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், இதை ஒட்டிய கேள்விதான். என் அம்மாவுக்கு 74. கிரீன் கார்டு வந்து ஏப்ரலில் 5 வருஷம் முடிகிறது, அதற்குப் பிறகுதான் மெடிகேரில் சேர முடியும். நடுவில் இந்தியாவுக்கு ஒரு மாதம் மட்டும் போய்வந்தார். போன வருஷம் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறார். மேலே எழுதியிருப்பதைப் படித்தால் அம்மாவுக்கு மெடிகேப் கனவிலும் இல்லை போலிருக்கிறதே?

வேப்பமரம் | ஜனவரி 10

அருணா, உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் கிடைக்கும். 65-க்கு மேல், பார்ட் பி முதன்முறையாகத் தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் என்பதுதான் விதி. அது 65-ல் தொடங்கினாலும் 74-ல் தொடங்கினாலும் ஒன்றுதான். அம்மாவின் 6 மாதம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் விண்ணப்பித்தால் புற்றுநோயைக் காட்டி ஒருவரும் மறுக்க முடியாது. நம் ஊர்ப் பெற்றோர் நிறைய பேருக்கு இந்த வாய்ப்பு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் 6 மாதம் வீணாகிறது.

5 வருஷம் முடிவதற்கு 3 மாதம் முன்பே, மெடிகேர் விண்ணப்பம் வாங்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்கத் தொடங்கலாம், அதாவது இப்போதே. அம்மா இங்கே வேலை பார்க்காதவர் என்றால் பார்ட் ஏ-வுக்கு மாதம் 565 டாலர் கட்ட வேண்டும், பார்ட் பி-க்கு 202.90. பிள்ளைகளின் வேலைக் கணக்கு பெற்றோருக்குச் சேராது, கணவருடையது சேரும். மெடிகேப்புக்கு ஏ, பி இரண்டுமே வேண்டும். ஒரு எச்சரிக்கை: முன்பே இருந்த நோய்க்கு மெடிகேப் தன் பங்கைக் கொடுக்க அதிகபட்சம் 6 மாதம் காத்திருக்க வைக்கலாம். இப்போது அம்மாவுக்கு முறையான ஹெல்த் இன்சூரன்ஸ் இருந்து, இடைவெளி 63 நாளுக்கு மேல் போகாமல் இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும் அல்லது இல்லாமலே போகும். இருப்பதை முன்கூட்டியே நிறுத்திவிடாதீர்கள்.

சமாமிஷ்_அருணா | ஜனவரி 10

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணா. மார்க்கெட்பிளேஸ் பிளான் (அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கியது) இருக்கிறது, மெடிகேர் தொடங்கும்வரை விடமாட்டேன். நாளைக்கே சோஷியல் செக்யூரிட்டிக்கு போன் செய்கிறேன்.

பிளேனோ_பொண்ணு | பிப்ரவரி 6

ரிப்போர்ட் வந்தது. மருந்துப்பெட்டி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஃபுரோசமைட்டை டாக்டர் போன ஜூனிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார், அப்பாவும் நிறுத்திவிட்டார். ஆனால் தபாலில் மருந்து அனுப்பும் பார்மசி ஆட்டோ ரீஃபில்லில் 90 நாள் மாத்திரையை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் சீல் உடைக்காத பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. ரிப்போர்ட்டில் கடைசியாக வாங்கிய தேதி டிசம்பர்! அதைப் பார்ப்பவர் இன்னும் சாப்பிடுகிறார் என்றுதானே நினைப்பார்?

எக்கோ 2024-ல் எடுத்தது, இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது என்று இருக்கிறது. முதுகுக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட் இருக்கிறது. கீழ் முதுகில் எல்4-எல்5 இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

மருந்துப்பெட்டி | பிப்ரவரி 6

நினைத்தேன். முதலில் ஆட்டோ ரீஃபில்லை நிறுத்துங்கள், எல்லா மருந்துக்கும் சேர்த்தே. அப்புறம் டாக்டர் அலுவலகத்தில் ஒரு குறிப்புக் கேளுங்கள்: ஃபுரோசமைட் அம்லோடிபினால் வந்த வீக்கத்துக்குக் கொடுத்தது, ஜூன் 2025-ல் நிறுத்தப்பட்டது, இதயச் செயலிழப்பு இல்லை. கபாபென்டின் இடுப்பு நரம்பு அழுத்தத்துக்கு, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு இல்லை. கால் பரிசோதனை செய்து பார்த்துத்தான் அப்படி எழுத வேண்டும், டாக்டருக்கு அது தெரியும். அவர்களுடைய சிஸ்டத்தில் நோய்ப் பட்டியலும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தவறான குறியீடு அப்படியே தங்கிவிடுவதுண்டு.

வேப்பமரம் | பிப்ரவரி 7

விண்ணப்பத்தில் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே பதில். 'இப்போது சாப்பிடும் மருந்து' என்றால் ஃபுரோசமைட் வராது. 'கடந்த 2 வருஷத்தில் எழுதிக் கொடுத்த மருந்து' என்றால் வரும், நிறுத்திய மாதத்தோடு எழுதுங்கள்.

கேள்விப் படிவம் மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டர் முடிவெடுக்கும் கம்பெனியில் உங்கள் குறிப்பைப் படிக்க ஆளே இல்லை. போனில் பேட்டி எடுக்கும் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே காரணம் சொல்ல இடம் இருக்கிறது. பல கம்பெனிகளோடு வேலை செய்யும் ஏஜென்ட் என்றால் பெயர் சொல்லாமலே முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பார். யாரையும் நம்ப யோசனையாக இருந்தால் டெக்சஸில் ஹைகேப் ஆலோசகர்களிடம் பேசுங்கள். அரசு நிதியில் நடப்பது, இலவசம், விற்பனை கிடையாது. மற்ற மாநிலங்களில் ஷிப் என்று கேட்டால் தெரியும்.

பிளேனோ_பொண்ணு | மார்ச் 3

முதல் கம்பெனி மறுத்துவிட்டது. காரணம் கபாபென்டினும் சர்க்கரை மருந்து மெட்ஃபார்மினும் சேர்ந்திருப்பது. போனே வரவில்லை. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "வேண்டாம்மா, விடு, வேற டாக்டரைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

வேப்பமரம் | மார்ச் 3

அவரைத் தேற்றுங்கள். ஒரு கம்பெனியின் மறுப்பு அடுத்த கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. முன்பு மறுத்தார்களா என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது.

ஷுகர்லேண்ட்_தாத்தா | மார்ச் 4

மகளே, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், எனக்கு 70-ல் கேட்கத் தோன்றவில்லை, அவருக்குக் கேட்க ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு தடவை கேட்கட்டும்.

பிளேனோ_பொண்ணு | மார்ச் 17

கிடைத்துவிட்டது! இரண்டாவது கம்பெனி. ஏப்ரல் 1-லிருந்து பிளான் ஜி.

போன் பேட்டி அரை மணி நேரம். அப்பா பக்கத்தில் எக்கோ, எம்ஆர்ஐ, டாக்டர் குறிப்பு மூன்றையும் தேதி தெரியும்படி விரித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி ஒவ்வொரு மருந்துக்கும் யார் எழுதியது, எதற்கு, எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டார். ஃபுரோசமைட் வந்ததும் டிசம்பரில் வாங்கியிருக்கிறீர்களே என்றார். ஆட்டோ ரீஃபில் விஷயத்தைச் சொன்னோம், டாக்டர் குறிப்பை ஃபாக்ஸில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். மிகக் குறைந்த ரேட் கிடைக்கவில்லை, அதற்கு அடுத்த ரேட். பரவாயில்லை, கட்டுகிறோம்.

இனி எதை முதலில் செய்வது அண்ணா?

வேப்பமரம் | மார்ச் 17

ரொம்ப சந்தோஷம்மா. அப்ரூவல் எழுத்தில் வந்துவிட்டதல்லவா? இந்த மாதத்துக்குள் தனி பார்ட் டி பிளான் ஒன்றில் சேருங்கள். அதில் சேர்ந்தாலே அட்வான்டேஜ் மார்ச் 31-ல் தானாக முடிந்து, ஒரிஜினல் மெடிகேர் ஏப்ரல் 1-ல் தொடங்கும். பார்ட் டி-யில் உடல்நிலைக் கேள்வியே கிடையாது. மெடிகேர் இணையதளத்தில் அப்பாவின் மருந்துகளைப் போட்டு, வருஷ மொத்தச் செலவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரீமியத்தை மட்டும் பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 1 முதல் டாக்டரிடம் சிவப்பு, வெள்ளை, நீல மெடிகேர் கார்டும் மெடிகேப் கார்டும் காட்ட வேண்டும். பழைய அட்வான்டேஜ் கார்டை மருத்துவமனை சிஸ்டத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பில் அங்கே போய்த் திரும்பும்.

அப்பா இந்தியா போவாரா? பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 80 சதவீதம் உண்டு, பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அதற்கு மேல் தங்குவதென்றால் தனிப் பயண இன்சூரன்ஸ் எடுங்கள்.

பிளேனோ_பொண்ணு | மார்ச் 18

டிசம்பரில் தஞ்சாவூரில் கல்யாணம் இருக்கிறது, 40 நாள் பயணம், சரியாகப் போச்சு. பார்ட் டி இன்றே சேர்த்துவிட்டேன். இதய டாக்டரிடம் ஏப்ரலில் நேரம் வாங்கியாகிவிட்டது. போனில் மெடிகேர் ஏற்பீர்களா என்று அப்பாவே இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சமாமிஷ்_அருணா | மார்ச் 18

வாழ்த்துகள்! அம்மாவின் மெடிகேர் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது, கார்டு வரவேண்டும். வந்ததும் பிளான் ஜி-யா, பிளான் என்-னா என்று கேட்கப் புது இழை தொடங்குகிறேன். மருந்துப்பெட்டி அக்கா, அம்மாவின் புற்றுநோய் மாத்திரை லெட்ரோசோலுக்கு எந்தப் பார்ட் டி நல்லது என்று அங்கே சொல்லுங்கள்.